சோடா கம்பெனியில் போட்ட ஹஜ் பணம்

சோடா கம்பெனி மூடப்பட்டபோது எனக்குச் சேர வேண்டிய சம்பளம் ஒரு சதமும் குறையாமல் கைக்கு வந்தது. மூன்று மாதச் சம்பளம், முந்நூற்றுப் பதினைந்து ரூபாய். சட்டம் அப்படி. ஒரு கம்பெனி நொடித்துப் போனால், இருப்பதை விற்றுக் கிடைக்கும் பணத்தில் வேலை செய்தவர்களின் கூலிக்கு முன்வரிசை. ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்கள் அதற்குப் பின்னால். பங்கு வாங்கியவர்கள் எல்லோருக்கும் பின்னால், பெரும்பாலும் வெறுங்கையோடு. இதைத் தபால் வழி வணிகப் பாடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, நல்ல புள்ளியும் வாங்கியிருந்தேன். அதை எழுதிய அதே கையால் ஒரு மனிதரை நடுவரிசையிலிருந்து எழுப்பிக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன்.

என் அப்பா மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் கைநாட்டு வைப்பவர். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.சி. தேறியும் பிரஜாவுரிமை இல்லாததால் அரசாங்க வேலைக்கு மனுப் போட வழியில்லை. டவுனில் சோடா கம்பெனிக்கு இங்கிலீஷ் டைப் அடிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும், அப்பா தன்னிடமிருந்த ஒரே கோட்டைத் துவைத்துப் போட்டுக்கொண்டு என்னை அழைத்துப் போனார். கம்பெனியைத் தொடங்கியவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை டைரக்டர் ஐயா என்பார்கள். என் சான்றிதழைப் பார்க்காமல் அப்பாவின் கோட்டைப் பார்த்தார். “நாளைக்கே வரச் சொல்லுங்க” என்றார். அந்த நன்றி எனக்குள் கடைசிவரை இருந்தது. பின்னால் நான் வாய் திறக்காமல் போனதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது முழுக் காரணம் அல்ல.

ஒரேஞ்ச், ஜிஞ்சர் பியர், கிரீம் சோடா என்று மூன்று வகை செய்தோம். ஒரு லொறி இருந்தது. நாவுலைக்குத் தினமும் போகும். வாரத்தில் ஒரு நாள் லக்கல, பல்லேகம பக்கம் போய், பாதிப் போத்தல்களை உடைத்துக்கொண்டு திரும்பி வரும்.

நான் சொல்ல வந்த மனிதர் நாவுலைச் சந்தியில் கடை வைத்திருந்தார். லக்கலப் பக்கம் காடு வெட்டிப் பயிரிடும் சேனைகளிலிருந்து வரும் எள்ளும், சுற்றுவட்டார மிளகும் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. நான் அவரை அண்ணன் என்ற பொருளில் நானா என்பேன். அவர் என்னைக் கிளாக்கர் தம்பி என்பார். டைரக்டர் ஐயா தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே அவருக்குச் சிநேகிதம். போத்தல் கழுவும் மெஷின் வாங்கக் கம்பெனியில் பணம் போதாமல் இருந்தபோது மூவாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக அவரும் மனைவியும் மக்கத்துக்குப் போகவென்று சேர்த்த பணம். வீட்டில் வைக்கப் பயம். பேங்க்கில் போட்டால் வட்டி வரும், வட்டி ஹராம். கம்பெனியில் இருந்தால் பத்திரம், கப்பலுக்குப் பேர் வரும்போது அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

ஆனால் புரொக்டர் வக்கீல் எழுதிக் கொடுத்த கடன் பத்திரம் அச்சடித்த படிவம். அதில் வட்டிக்கு ஒரு வரி இருந்தது. யாரும் அதை வெட்டவில்லை. அதனால் மாதாமாதம் இருபது ரூபாயைக் கவரில் போட்டு வைப்பது என் வேலையாயிற்று.

மாதத்தின் முதல் புதன்கிழமை அவர் மாத்தளைக்குச் சரக்குக் கொண்டுவருவார். கந்தோரில், என் மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஜிஞ்சர் பியர் குடிப்பார். டைரக்டர் ஐயா காசு வேண்டாம் என்பார். அவர் கேட்கமாட்டார்.

“மூவாயிரம் ஈக்குது ஒங்கள்ட்ட. அதுக்காக ஒரு போத்தல ஓசில குடிச்சா அதுவும் வட்டிதான்” என்று சில்லறையை மேசையில் வைப்பார்.

நான் கவரை நீட்டுவேன்.

“இந்த மாசம் இருபது ரூபா நானா.”

“அது யாருட சல்லி?”

“உங்களோடதுதான்.”

“என்ட சல்லி மூவாயிரம். அதுக்கு மேல ஒரு சதமும் என்டது இல்ல. மக்கத்துக்குப் போற சல்லி தம்பி இது. பால் சட்டில மண்ணெண்ண ஒரு சொட்டு விழுந்தாலும் முழுச் சட்டியையும் கொட்டத்தானே வேணும்.”

லொறி டிரைவர் வாசலில் நின்றுகொண்டு, “அப்ப அந்த இருபத எனக்குக் குடுங்க நானா. நான் மக்கத்துக்கா போறேன், பல்லேகமைக்குத்தானே போறேன்” என்பான்.

“ஒனக்குக் குடுத்தா அது பல்லேகம வரைக்கும் போகாது. கள்ளுத் தவறணையோட நிண்டுரும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். கவர் மறுபடி மேசை லாச்சிக்குள் போகும். நான் பேரேட்டில் ‘பெறப்படாத வட்டி’ என்று எழுதுவேன். அந்தப் பகுதி நீண்டுகொண்டே போவது எனக்குக் கணக்கில் ஒரு அழுக்குப் போலத் தெரிந்தது. படித்த புத்தியால் அதைத் துடைத்துவிட வேண்டும் என்று ஆசை வந்தது.

ஒரு புதன்கிழமை சொன்னேன். “நானா, இந்தக் கடன ஷெயரா மாத்திக்கிட்டா என்ன? வட்டின்னு ஒன்னு இருக்காது. வருஷக் கடைசியில லாபம் வந்தா உங்க பங்குக்கு லாபம். வியாபாரந்தானே அது.”

அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நட்டம் வந்தா?”

“நட்டத்திலயும் பங்குதான்.”

“அது சரி. நட்டத்துக்கும் தயாரா ஈந்தாத்தான் அந்த லாபம் ஹலால்” என்றார். முகம் தெளிந்துவிட்டது. “இத்தன நாளா இத யாரும் எனக்குச் செல்லல்லயே. பள்ளிவாசல்ல ஹஸரத்துட்டயும் ஒரு வார்த்த கேட்டுட்டு வாறேன்.”

நான் அப்போது நல்லெண்ணத்தோடுதான் சொன்னேன். இதை நம்ப வேண்டும் என்று கேட்கமாட்டேன், ஆனால் உண்மை. அன்று மாலை தோட்டத்துக்கு ஏறிப் போகும்போது, படித்த படிப்பு ஒருவருக்கு உதவியது என்று மனம் நிறைந்திருந்தது. தப்பு அந்தப் புதன்கிழமையில் இல்லை. அதற்கும் அடுத்த மாதப் புதன்கிழமைக்கும் இடையில் இருந்த நாட்களில் இருக்கிறது.

அந்த நாட்களில் மூன்று கடிதங்கள் வந்தன. போத்தல் மூடியும் எசென்சும் இறக்குமதி செய்யும் பர்மிட் இந்த முறை பாதிதான் என்று கொழும்பிலிருந்து ஒன்று. ஐந்து மாத பாக்கியைக் கட்டாவிட்டால் இனிச் சீனி இல்லை, வழக்குத்தான் என்று சீனி மொத்த வியாபாரியிடமிருந்து ஒன்று. ஓவர்டிராஃப்டைக் குறைக்காவிட்டால் ஈடு வைத்த மெஷினையும் லொறியையும் எடுத்துக்கொள்வோம் என்று பேங்க்கிலிருந்து ஒன்று. மூன்றையும் பிரித்துப் படித்தவன் நான். மூன்றுக்கும் பதில் அடித்தவன் நான்.

பேங்க் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு டைரக்டர் ஐயா என் மேசைக்கு வந்தார். “நானாவோட மூவாயிரம் ஷெயராகிட்டா நம்ம கடன் பக்கம் மூவாயிரம் கொறையும், முதல் பக்கம் கூடும். பேங்க்காரன் கொஞ்சம் மூச்சு விடுவான். நீ சொன்ன யோசன நல்ல யோசனதான்” என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. கம்பெனி பிழைக்கும் என்று அவர் நம்பினார். தன் வீட்டையே பேங்க்குக்கு எழுதிக் கொடுத்திருந்தவர். ஆனால் என் யோசனை இப்போது வேறொருவரின் தேவையாகிவிட்டது. நான் டைப்ரைட்டரில் தாளைச் செருகிப் பங்கு விண்ணப்பத்தை அடித்தேன்.

அடுத்த மாதப் புதன்கிழமை நானா வெள்ளைத் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்தார்.

“ஹஸரத் சரியெண்டு சென்னாங்க. ஆனா ஒண்டு கேக்கச் சென்னாங்க. யாவாரம் நல்லா நடக்குதா எண்டு. கூட்டாளியா சேரமுன்ன அத விசாரிக்கிறது கடமையாம்.” என் முகத்தைப் பார்த்தே கேட்டார். “நடக்குதா தம்பி?”

டைரக்டர் ஐயா உள்ளே இருந்தார். கதவு திறந்திருந்தது. இந்த வேலை போனால் எனக்கு ரப்பர் வாளிதான் என்று நினைத்தேன். இந்த இடத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். ஒரு நொடிகூட ஆகவில்லை.

“நடக்குது நானா. லொறி ஓடுது பாருங்க.”

அவர் பேனாவை வாங்கி, தமிழில் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கடன் பத்திரத்தை மடித்த மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தார். அதன் குறுக்கே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு ரத்து என்று எழுதினேன். லாச்சியில் கிடந்த கவர்களைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஜிஞ்சர் பியர் வந்தபோது, “இனிக் குடிக்கலாமா ஓசில?” என்று சிரித்தார். “சீ, பழக்கம் கெட்டுப் போகும்” என்று தானே பதிலும் சொல்லிக் காசை வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் என் சம்பளம் தொண்ணூறிலிருந்து நூற்றைந்து ஆயிற்று. டைரக்டர் ஐயா காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டைப் வேலை கூடிவிட்டது, அதற்காக இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஏழு மாதம் இழுத்தது. முதலில் கிரீம் சோடா நின்றது. பிறகு சம்பளம் நின்றது. லொறியை பேங்க்காரர்கள் எடுத்துப் போன அன்று டிரைவர், டேஷ்போர்டில் ஒட்டியிருந்த தன் மகளின் படத்தைப் பிய்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்து போனான். சீனி வியாபாரி வழக்குப் போட்டார். கணக்கை முடிக்கக் கோர்ட்டிலிருந்து ஒரு லிக்விடேட்டரை அனுப்பினார்கள். கண்டியிலிருந்து வந்த அவருக்கு இங்கிலீஷும் சிங்களமும்தான் பேச வரும். புத்தகங்களை எடுத்துக் கொடுக்கவும் தமிழில் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் என்னை வைத்துக்கொண்டார்.

போத்தல் ஸ்டோரில் கூட்டம் நடந்தது. வெறும் பெட்டிகளை ஒதுக்கி இரண்டு பெஞ்சு போட்டிருந்தோம். கடன்காரர்களுக்கு ஒன்று, பங்குக்காரர்களுக்கு ஒன்று. நானா குடையோடு வந்து, தெரிந்த முகம் என்று சீனி வியாபாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். லிக்விடேட்டர் பட்டியலைப் பார்த்து, கையெழுத்து வாங்கும் முன் ஆட்களைச் சரியாகப் பிரித்து உட்கார வைக்கச் சொன்னார்.

நான் அருகில் போனேன். “நானா, நீங்க மத்தப் பெஞ்சுக்கு வரணும்.”

“ஏன், இதில மூட்டப்பூச்சியா?” என்றார் சீனி வியாபாரி. அவர் அருகே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானாவும் சிரித்தபடி குடையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். நாலு எட்டுத் தூரம்தான்.

லிக்விடேட்டர் வாசித்தார். மெஷினும் லொறியும் விற்ற பணம் ஈடு பிடித்த பேங்க்குக்கு. மிச்சச் சாமான் விற்றதில் கணக்கு முடிக்கும் செலவு, பிறகு வேலையாட்களின் சம்பளம். அதற்கு மேல் மிஞ்சுவதில் கடன்காரர்களுக்கு ரூபாய்க்கு முப்பத்தைந்து சதமளவில் கிடைக்கலாம். பங்குக்காரர்களுக்கு ஒன்றுமே கிடையாது, கிடைக்கவும் போவதில்லை.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரிக்கு வந்தபோது நானா குடைப்பிடியில் தாடையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பங்குக்காரங்களுக்கு இப்போதைக்கு ஒன்னுமில்ல” என்றேன்.

‘இப்போதைக்கு’ என்பது லிக்விடேட்டர் சொன்னதல்ல. நான் சேர்த்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் யாரும் திருத்தவில்லை. நானா தலையை ஆட்டினார். அந்த ஒரு சொல்லை அவர் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார் என்பது அடுத்த புதன்கிழமை எனக்குத் தெரிந்தது.

“ஏதாச்சும் வந்ததா தம்பி?”

“இன்னும் இல்ல நானா.”

பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ஜிஞ்சர் பியர் இல்லை. அதற்கடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும். நாவுலையிலிருந்து பஸ் பிடித்து, அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு வரைக்கும் வரும். ‘இன்னும் இல்ல’ என்று முடியும்.

நான்காவது மாதம் கணக்கு முடிந்தது. எங்கள் சம்பளப் பாக்கி கிடைத்தது. டைரக்டர் ஐயா வீட்டைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் போகும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார். “நானாவ பத்தி யோசிக்காத. அவராத்தானே விரும்பிக் கையெழுத்துப் போட்டாரு” என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் யோசிக்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?

அப்பா நோட்டுகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம், “எத்தனையோ மொதலாளிமார் நின்னாங்களாம். படிச்ச புள்ளைக்கித்தான் மொதல்ல எடுத்துக் குடுத்தாங்களாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுந்து, அந்த நோட்டுகளைத் திருப்பி வாங்கிக் கவரில் போட்டேன். ஒரு கடன் இருக்கிறது என்றேன். யாருக்கு என்று அப்பா கேட்கவில்லை. அவர் முகம் மட்டும் சுருங்கிப் போனது.

மறுநாள் நாவுலைக்கு பஸ் ஏறினேன்.

நானா கடையில் எள்ளுப் புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தை வைத்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க தம்பி. நான் புதன்கிழம வரத்தான் ஈந்தேன். என்ன, கணக்கு முடிஞ்சா?”

“முடிஞ்சிருச்சு நானா. பங்குக்காரங்களுக்கு ஒன்னுமில்ல. அன்னைக்கு ‘இப்போதைக்கு’ன்னு சொன்னது நான் சேர்த்தது. அந்தத் தொர அப்பிடிச் சொல்லல்ல.”

நான் தொடர்ந்து சொன்னேன். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயமாக இருந்தது. சீனி வியாபாரியின் கடிதம், பேங்க் கடிதம், பர்மிட், எல்லாவற்றையும் சொன்னேன்.

“அது கடனாவே ஈந்திருந்தா?” என்று கேட்டார்.

“ரூபாய்க்கு முப்பத்தஞ்சு சதம். ஆயிரத்து அம்பது ரூபா கெடச்சிருக்கும்.”

“ஆயிரத்து அம்பது” என்றார், தராசில் நின்ற எடையைச் சொல்வது போல. “அண்டைக்கு நான் ஒங்கள்ட்ட கேட்டேனே. யாவாரம் நடக்குதா எண்டு.”

“கேட்டீங்க.”

“அப்பவே தெரியுமா?”

“தெரியும் நானா.”

ஒரு பெண் மிளகு கொண்டுவந்தாள். அவர் அதைக் கையில் அள்ளி முகர்ந்து, நிறுத்து, சிங்களத்தில் விலை பேசி, காசைக் கொடுத்து அனுப்பினார். அவசரப்படவே இல்லை. பிறகு சாக்கின் வாயைக் கட்டியபடியே பேசினார்.

“நட்டம் வந்ததுக்கு நான் ஒங்களக் குத்தஞ் செல்ல மாட்டேன். நட்டத்துக்குத் தயார் எண்டு என்ட வாயாலதான் சென்னேன். ஆனா இது நட்டமில்ல தம்பி. நனைஞ்ச மிளக சாக்குக்கு அடியில போட்டு, காஞ்சத மேல பரப்பிக் காட்டுறது. என்ட கடையில அப்பிடி ஒத்தன் செஞ்சா நான் அவன மறுகா படி ஏத்த மாட்டேன்.”

நான் கவரை எடுத்து மேசையில் வைத்தேன். “முந்நூத்திப் பதினஞ்சு இருக்கு. என் சம்பளப் பாக்கி. மிச்சத்த கொஞ்சம் கொஞ்சமா…”

“எடுங்க அத.”

“நானா…”

“இத வாங்கினா ஒங்களுக்கு லேசாப் போயிரும். எனக்கு அப்பவும் மக்கத்துக்குப் போக ஏலாது. எடுத்து வைங்க.”

உள்ளே இருந்து அவருடைய மனைவியின் குரல் கேட்டது. “யாரு வந்தீக்கிற? கம்பெனித் தம்பியா? சல்லி வந்திட்டா?”

நானா திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். “இல்ல. கடிதம் ஒண்டு எழுத வந்தீக்காரு. தேத்தண்ணி ஊத்துங்க” என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்த வேலை வந்தது. கொழும்பில் ஹஜ் பயணத்துக்குப் பெயர் பதிகிறவர்களுக்கு அவர் போன வருஷமே எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் அடித்துக் கொடுத்ததும் நான்தான். இப்போது பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுத வேண்டும். கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.

“காரணம் என்ன எழுதட்டும்?”

“கம்பெனி கிம்பெனி எண்டு ஒண்டும் வாணாம். ‘இந்த வருஷம் வசதிப்படல்ல’ எண்டு எழுதுங்க.”

பேனா நின்றது. “இந்த வருஷம்னு போட்டா அடுத்த வருஷத்துக்குக் கேப்பாங்க நானா.”

“கேக்கட்டும். அப்பிடியே எழுதுங்க.”

எழுதினேன். இரண்டு பெயர்களையும் வரிசையாக எழுதினேன், முதலில் அவருடையது, கீழே மனைவியுடையது. அவர் தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பங்கு விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்து.

“போற வழியில நானே தபால் கந்தோர்ல போட்டுர்றேன்” என்று எழுந்தேன்.

“நில்லுங்க” என்றார். லாச்சியைத் திறந்து, சில்லறையைக் கிளறி, ஒரு பத்துச் சதக் குற்றியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். “முத்திரச் சல்லி. ஒங்கட சல்லில என்ட கடிதம் போக வாணாம்.”

வாங்கிக்கொண்டேன். தபால் கந்தோரில் முத்திரை வாங்கி ஒட்டி, கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு மாத்தளை பஸ்ஸுக்கு நின்றேன். முந்நூற்றுப் பதினைந்து ரூபாயும் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்று எங்களுக்குள் கைமாறியது அந்தப் பத்துச் சதம் மட்டும்தான். அதுவும் அவரிடமிருந்து எனக்கு.